குறைந்த நம்பர் ஊர்

நாங்கள் ஊட்டிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டி லிஃப்டில் ஏறுகிறவர்கள் இன்னமும் "ஊட்டி கைஸா தா, ஆன்ட்டி?" என்று, ஊர் எப்படி இருந்தது என்று, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறவர் யாராவது முழங்கையால் இடித்த பிறகுதான் அவர்களுக்கு ஞாபகம் வருகிறது, போனது இரண்டு பேர், திரும்பி வந்தது நான் ஒருத்தி என்று. அப்புறம் ஏழாவது மாடி வரும்வரை எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள்.

என் கணவர் சங்கரநாராயணனுக்கு நல்ல மூச்சு வேண்டியிருந்தது. அதற்காகத்தான் போனோம். வேறு ஒரு காரணமும் இல்லை.

இவர் (கல்யாணமான நாளிலிருந்து இப்படியே சொல்லிப் பழகிவிட்டது, இனிமேல் மாற்றிக்கொள்ள எனக்கு வயதில்லை) மத்திய சர்க்காரில் கொள்முதல் பிரிவில் சேர்ந்து அண்டர் செகரட்டரியாக ரிட்டயர் ஆனவர். பாதி ஆயுள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் போயிற்று. ரிட்டயர் ஆனதும் மகன் ஜெயந்தோடு துவாரகா வந்துவிட்டோம். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. இருந்தும் நுரையீரல் போய்விட்டது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "எத்தனை வருஷமாகச் சிகரெட்?" என்று கேட்டார். "சிகரெட் இல்லை டாக்டர், டெல்லி" என்றார் இவர். டாக்டர் சிரிக்கவில்லை. குளிர்காலத்தில் இவரை டெல்லியில் வைத்திருக்காதீர்கள், தெற்கே எங்காவது அனுப்பிவிடுங்கள் என்றார்.

தெற்கே என்றார். எங்கே என்று சொல்லவில்லை. அவர் பேரில் குற்றமில்லை, அங்கே கேட்காமல் வந்தது நாங்கள்தான்.

டெல்லியில் இப்போது காலையில் எழுந்ததும் யாரும் மழை வருமா, வெயில் அடிக்குமா என்று பார்ப்பதில்லை. நம்பரைத்தான் பார்க்கிறார்கள். காற்றில் எவ்வளவு விஷம் என்று மொபைல் சொல்லும். முன்னூறு என்றால் பரவாயில்லை, நானூறு என்றால் ஜன்னலைச் சாத்து. பால்காரரும் நம்பர் பேசுகிறார், பெருக்குகிற பெண்ணும் நம்பர் பேசுகிறாள். எங்கள் வீட்டிலும் அதுதான் வேதம். அன்று சாயங்காலம் ஜெயந்த் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு தெற்கே உள்ள ஊர்களை ஒவ்வொன்றாகப் படித்தான். சென்னை நூற்றைம்பது. கோயம்புத்தூர் எண்பது சொச்சம். ஊட்டி இருபது.

"அப்போ எல்-ஒன் யாரு?" என்று கேட்டார் இவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

அது இவருடைய ஆபீஸ் பாஷை. டெண்டரில் யார் போட்டிருக்கிற தொகை எல்லாவற்றிலும் குறைவோ அவன்தான் எல்-ஒன். ஆர்டர் அவனுக்குத்தான் போகும். பொருள் எப்படி என்று யாராவது குறுக்கே பேசினால் ஆடிட்காரன் வந்து கழுத்தைப் பிடிப்பான். நாற்காலியிலிருந்து விசிறி வரை அப்படியே வாங்கித் தள்ளிய மனுஷர், தான் போய் இருக்கவேண்டிய ஊரையும் அப்படியே வாங்கினார்.

"ஊட்டிதான்பா," என்றான் ஜெயந்த். "டிசம்பர் மழை விட்டாச்சுன்னா ஏப்ரல் வரைக்கும் ட்ரை சீசனாம். ஈரமே இருக்காது. பளிச்சுனு வெயில். ஒனக்கு அதுதான் வேணும்."

"குளிருமேடா," என்றேன்.

"டெல்லி ஜனவரியப் பாத்தவாளுக்கு ஊட்டி ஒரு குளிரா? போம்மா," என்றான்.

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. மருமகள் மாதங்கி உடனே ஒரு காட்டேஜைப் பார்த்து மார்ச் முடிய வாடகைக்குப் பேசிவிட்டாள். அந்த ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நம்பர் வரிசையில் உயரத்துக்கு இடமே இல்லை.

கொரோனா சமயத்தில் ஜெயந்த் எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்த ஆக்ஸிஜன் மிஷின் ஒன்று வீட்டில் இருந்தது. மூச்சு மோசமான நாட்களில் இவர் அதன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு பேப்பர் படிப்பார். அதையும் மூட்டை கட்டலாமா என்று கேட்டேன். "காத்து நன்னா இருக்கற ஊருக்குக் காத்து மிஷினத் தூக்கிண்டு போனா சிரிப்பா, வத்சு," என்றார். மிஷின் அலமாரியிலேயே இருந்தது. விரலில் மாட்டுகிற கிளிப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று சொல்லுமே, அது. டெல்லியில் இவருக்குத் தொண்ணூற்றொன்று காட்டும். நல்ல நாளில் தொண்ணூற்றிரண்டு.

ஜெயந்த் கூடவே வந்து எங்களைக் கொண்டுவிட்டான். கோயம்புத்தூரில் இறங்கிக் காரில் மலை ஏறினோம். பாதி வழியிலேயே இவர் பேச்சை நிறுத்திவிட்டார். தலை வலிக்கிறது என்றார். வளைவுகளால் இருக்கும் என்று எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தேன்.

காட்டேஜ் வாசலில் இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஆகாசம் நீலமாக இருந்தது. சிரிக்காதீர்கள், டெல்லியில் நவம்பரிலிருந்து எங்கள் தலைக்கு மேல் இருப்பது ஆகாசமே இல்லை, அழுக்குப் பஞ்சு. ஜெயந்த் மொபைலைக் காட்டினான். பத்தொன்பது. அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ஜன்னலெல்லாம் தொறந்து வைம்மா, காத்து வரட்டும்" என்று அவனே ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனான். இவர் மங்கி கேப்பைக் காது மூட இழுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

கிளிப்பை மாட்டினோம். எண்பத்து நான்கு.

"விரல் ஜில்லுனு இருந்தா தப்பாத்தான் காட்டும்," என்றான் ஜெயந்த். அது நிஜம்தான், எங்கள் டெல்லி டாக்டரே சொல்லியிருக்கிறார். இவர் விரலை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தேன். மறுபடி மாட்டினோம். எண்பத்தைந்து. "பாத்தியா, ஏறறது," என்றான். காற்று பத்தொன்பது இருக்கிற ஊரில் ஒரு மனுஷனுக்கு எப்படி மூச்சு குறையும் என்பது அவன் கேள்வி. அவன் மட்டுமா, எனக்கும் அதே கேள்விதான். ஒரு நம்பரை நம்பிவிட்டோம், இன்னொரு நம்பர் பொய் என்று முடிவுகட்டிவிட்டோம்.

மறுநாள் காலை நான் காபி கலந்துகொண்டு வந்தபோது இவரே கிளிப்பைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். "தொண்ணூத்தொண்ணு," என்றார். ஜெயந்துக்கு உயிர் வந்தது. தினமும் காலையில் கிளிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பவேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு டெல்லிக்கு விமானம் ஏறினான்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு வாரம் போல இருக்கும். என் ஆயுளில் அப்படி ஒரு வாரம் இருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், நான் சந்தோஷமாக இருந்தேன்.

கல்யாணமான மறுவாரமே பட்ஜெட் சமயம் என்று என்னை டெல்லிக்கு இழுத்துக்கொண்டு வந்தவர் இவர். எங்கேயும் கூட்டிப்போனதில்லை. லீவு கிடைத்தால் ஊர், ஊரில் யாருக்காவது கல்யாணம். இங்கே காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கொஞ்சம் வெயில் ஏறியதும் இரண்டு நாற்காலிகளை வெளியே போட்டு உட்காருவோம். உதடு வெடிக்கிற வறட்சி. தண்ணீர் லாரி வந்தால்தான் தொட்டியில் தண்ணீர். ஒன்றும் உறைக்கவில்லை எனக்கு. காபி குடித்து முடிந்ததும் இவர் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். "ஒனக்கும் எவ்வளவுன்னு பாப்போமே," என்று கிளிப்பை என் விரலில் மாட்டுவார். தொண்ணூற்று நான்கு, சில நாள் தொண்ணூற்றைந்து.

"என்னன்னா இது புதுசா, கையெல்லாம் பிடிச்சுண்டு. யாராவது பாத்தா என்ன நெனப்பா?" என்பேன்.

"ஹனிமூன் வந்திருக்கான்னு நெனப்பா," என்பார். "அரியர்ஸ் பாக்கி. இப்பத்தான் சாங்ஷன் ஆச்சு."

மனுஷருக்கு அந்த மாதிரிப் பேச்சு வரும் என்றே எனக்குத் தெரியாது. முகம் சிவந்துபோய் உள்ளே எழுந்து போவேன். நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெயந்திடமிருந்து பதில் வந்துவிடும். "சூப்பர்பா, டெல்லிய விட மூணு பாயிண்ட் ஜாஸ்தி." இவர் அதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார்.

ஆனால் நடக்க மட்டும் மாட்டேன் என்றார். கேட் வரை கூட இல்லை. "நான் ஒக்காந்தே ஊர இன்ஸ்பெக்ஷன் பண்றேன், நீ போய்ட்டு வா" என்று என்னைத் துரத்துவார். மங்கி கேப்பும் மஃப்ளருமாக முகத்தில் கண் மட்டும்தான் தெரியும். உதடு கொஞ்சம் கருத்தாற்போல இருந்தது. பனிதான் என்றார். நானும் வாஸ்லைன் தடவிவிட்டேன். நான் மேட்டுத்தெருவில் ஏறி, யூகலிப்டஸ் மரங்கள் வரை போய், கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வருவேன். திரும்பி வந்ததும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"மேடு ஏறினியா? நடுவுல நின்னியா?"

"நிக்கவே இல்லை."

தலையை ஆட்டிக்கொள்வார். ஏதோ பில் பாஸ் ஆன மாதிரி ஒரு திருப்தி முகத்தில்.

கடைசி நாள் இலையோடு ஒரு கட்டு கேரட் வாங்கிக்கொண்டு வந்தேன். இவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது. நான் தோளைத் தொட்டதும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "பையா, வோ ஃபைல் லாவோ. ஜல்தி," என்றார். ஆபீஸ் ப்யூனிடம் ஃபைல் கொண்டுவரச் சொல்லி அவசரப்படுத்துகிற குரல். "ஏன்னா, நான் வத்சலா," என்றேன். "ஜல்தி," என்றார் மறுபடியும். என்னைத் தெரியவில்லை. கேட் பக்கம் ஓடிக் கத்தினேன். தெரு முனையில் டாக்ஸி வைத்திருந்த அழகர்சாமி என் கூச்சலைக் கேட்டு ஓடிவந்து இவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். கிளிப்பை மாட்டிவிட்டு நர்ஸைப் பார்த்து ஏதோ சொன்னாள். உடனே சிலிண்டர் வந்தது, மாஸ்க் வந்தது. எழுபத்திரண்டு என்றாள்.

"எத்தனை நாளா இப்படி இருக்கார்?"

"இன்னிக்குக் காலம்பற தொண்ணூத்தி நாலு," என்றேன்.

"வாய்ப்பே இல்லைம்மா. கால் வீங்கியிருக்கு, நகம் நீலமா இருக்கு. இது ஒரு நாள்ல வந்ததில்லை." அப்புறம் நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று கேட்டாள். சொன்னேன். ஏன் வந்தோம் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். சிலிண்டர் குழாயைச் சரிபார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இங்க காத்து சுத்தம்தாம்மா. ஆனா கம்மி. மலை ஏற ஏறக் காத்துல ஆக்ஸிஜன் குறையும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது. கெட்டுப்போன நுரையீரலுக்கு ஒவ்வொரு மூச்சும் பாதி மூச்சு. இவரை இங்க கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது. உடனே கீழ இறக்கணும்."

ஜெயந்துக்குப் போன் பண்ணினேன். "அதெப்படிம்மா? காலைல தொண்ணூத்தி நாலு. போட்டோ எங்கிட்ட இருக்கு. அந்த டாக்டர்கிட்ட அனுப்பட்டுமா?" என்று கத்தினான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தொண்ணூற்று நான்கு என்னுடையது. காலையில் என் விரலில் மாட்டி நான் கண்ணால் பார்த்தது. இவர் இன்னொரு கையில் மொபைலைப் பிடித்திருந்ததை, ஜெயந்துக்கு ஏதோ எழுதுகிறார் என்று நினைத்திருந்தேன். இவர் விரலில் கிளிப்பை நான் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். ஜெயந்த் இருந்த முதல் நாளுக்கு அப்புறம் பார்க்கவே இல்லை. போனில் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஆம்புலன்ஸில் சிலிண்டரோடு இறங்கினோம். குன்னூர் தாண்டியதும் இவருக்கு நினைவு திரும்பியது. ஒவ்வொரு வளைவுக்கும் மெஷினில் நம்பர் ஏறிக்கொண்டே வந்தது. எண்பது, எண்பத்து மூன்று, எண்பத்தாறு. கூட இருந்த நர்ஸ், "பயப்படாதீங்கம்மா, கீழ போகப் போகச் சரியாகும்," என்றாள். நானும் நம்பினேன். பயம் கொஞ்சம் இறங்கியதும் கோபம் ஏறியது. அந்த வண்டியிலேயே இவரோடு சண்டை போட்டேன். இவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார், நான் சண்டை போட்டேன்.

"என் விரல்தானே? தெனமும் என் விரலத்தானே போட்டோ எடுத்து அனுப்பினேள்? புத்தி இருக்கா ஒங்களுக்கு? எதுக்கு?"

இவர் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார்.

"நீ இருமலை, வத்சு," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"இங்க வந்ததுலேந்து ஒரு தடவை கூட நீ இருமலை. நீ கவனிச்சியோ இல்லையோ. நான் கவனிச்சேன்."

நிஜமாக நான் கவனிக்கவில்லை. டெல்லியில் தீபாவளிக்கு ஆரம்பித்தால் ஹோலி வரை இருமுவேன். பல வருஷமாக. யார்தான் அங்கே இருமவில்லை? அதை ஒரு வியாதி என்று நானே கணக்கில் வைத்ததில்லை. டாக்டர் கேட்டால் இவர் மூச்சைப் பற்றித்தான் சொல்வேன்.

"எனக்கு மூச்சு முட்டறதுன்னு சொன்னா அன்னிக்கே மூட்டை கட்டியிருப்பே," என்றார். "என்னோட நீயும் வந்துடுவே. மறுபடி அந்தப் புகை. ஒன்னை அந்த ஊருக்கு இழுத்துண்டு போனது நான்தானே. மார்ச் வரைக்கும் எப்படியாவது ஓட்டிடலாம்னு பாத்தேன்."

"நான் கேட்டேனா ஒங்களை?" என்றேன். "நான் கேட்டேனா?"

நர்ஸ் மாஸ்க்கை இழுத்துச் சரியாக வைத்து, பேசக்கூடாது என்றாள். இவர் அப்புறம் பேசவில்லை.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நம்பர் தொண்ணூறு வரை வந்தது. நுரையீரல் தாங்கிக்கொண்டது என்றார்கள். இத்தனை நாள் காற்றில்லாமல் அடித்துக்கொண்ட இதயம்தான் தாங்கவில்லை. ஜெயந்த் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அங்கேயே தகனம் முடித்து டெல்லிக்கு வந்தோம். காரியங்கள் துவாரகாவில் நடந்தன. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் ஜெயந்த் மொபைலை எடுத்துக் காட்டினான். இவரோடு ஆபீஸில் இருந்த ஸ்ரீவத்ஸன் வந்தார். அவரிடமும் காட்டினான்.

"தெனம் பாத்தேன் மாமா. ஒரு நாள் விடலை. இதோ பாருங்கோ, தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்தி நாலு. அன்னிக்குக் காலைலகூட. நான் வேற என்ன பண்ணியிருக்க முடியும்?"

"ஒன் மேல என்னடா தப்பு. விதி," என்றார் ஸ்ரீவத்ஸன். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போட்டோக்களைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நின்றுகொண்டிருக்கிறான் என்று தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதங்கி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு ஒரு நாள். வெளியே நம்பர் நானூறைத் தாண்டியிருந்தது. நான் சமையலறையில் இருமிக்கொண்டிருந்தேன். ஜெயந்த் வாசற்படியில் வந்து நின்றான்.

"அம்மா, காட்டேஜ் மார்ச் வரைக்கும் நம்மளுதுதான். மாதங்கி லீவு போட்டுண்டு ஒன்னோட வரேங்கறா. நீ அங்க போய் இரு."

"வேண்டாம்."

"அப்பாவே எங்கிட்ட போன்ல சொன்னார். ஒங்கம்மாக்கு இருமலே காணும்டா, இந்த ஊர் அவளுக்கு ஒத்துக்கறதுன்னு. அவ்வளவு சந்தோஷமா சொன்னார். அவருக்காகவாவது போம்மா."

"அவருக்காகவா?" என்றேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன். "அந்தப் போட்டோல இருக்கறது யார் விரல்டா?"

"என்ன?"

"எடுத்துப் பாரு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாரு. ஒங்கப்பா விரலான்னு பாரு."

மொபைலை எடுத்தான். முதலில் சும்மா பார்த்தான். அப்புறம் இரண்டு விரலால் படத்தை இழுத்துப் பெரிதாக்கினான். காய் நறுக்கிக் கறை ஏறின நகம். கணுவில் சுருக்கம். புடவைக் கரை ஒரு ஓரத்தில். அடுத்த படம். அதற்கடுத்தது. நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்து முடித்தான். முகம் சாம்பலாகப் போய்விட்டது. மாதங்கி பின்னால் வந்து நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"நான் பாக்கவே இல்லையேம்மா," என்றான். "நம்பரைத்தான் பாத்தேன். நம்பரை மட்டும்தான் பாத்தேன்."

அவனைத் திட்டவேண்டும் என்றுதான் இருந்தது. திட்டு வரவில்லை.

"நான் மட்டும் பாத்தேனா?" என்றேன். "என் கைடா அது. தெனம் காலம்பற பிடிச்சு மடில வெச்சுண்டார். இத்தனை வருஷம் கழிச்சு ஆசையாப் பிடிக்கறார்னு நெனச்சுண்டிருந்தேன்."